வெள்ளி முழங்காலும் இரண்டு அலாரங்களும்

"திருடன் வந்தா என்ன சார் செய்வீங்க?" என்று கேட்டார் சங்கச் செயலாளர் மஞ்சுநாத்.

"எந்தத் திருடன் சார்?" என்றார் மரியராஜ்.

"எந்தத் திருடனா இருந்தா என்ன? பொதுவா ஒரு திருடன்."

மரியராஜ் யோசித்தார். "பொதுவா வந்தா... என்ன வேணும்னு கேப்பேன்."

மஞ்சுநாத் பேனாவை மூடினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைவர் ஆறுமுகசாமியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, 'வீடு எண் 27: பாதுகாப்பு உணர்வு இல்லை' என்று எழுதி அடிக்கோடும் போட்டார்.

மைசூர் விஜயநகரில் செவ்வந்தி லேஅவுட் என்று நாற்பத்திரண்டு வீடுகள். அதற்கு ஒரு குடியிருப்போர் சங்கம். அங்கே பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு திருட்டுதான் நடந்தது. தலைவர் வீட்டு மதில்மேல் காயவைத்திருந்த குக்கர் காணாமல் போயிற்று. உடனே பாதுகாப்புக் கமிட்டி அமைத்தார்கள். மூன்றாம் நாள் அந்தக் குக்கர் செயலாளர் வீட்டு அடுப்பில் விசில் அடித்துக்கொண்டிருந்தது. தலைவர் மனைவி சொர்ணலதாவிடம் செயலாளர் மனைவி அஷ்வினி இரவல் கேட்டு வாங்கிப் போனதுதான்.

"அப்ப கமிட்டியைக் கலைச்சிடலாமே சார்?" என்று யாரோ கேட்டதற்கு ஆறுமுகசாமி சொன்ன பதில் இன்றைக்கும் சங்கக் குறிப்பில் இருக்கிறது. "ஏனுங்க, குக்கர் போனா இன்னொரு குக்கர் வாங்கிக்கலாம். கமிட்டி போனா வாங்க முடியுங்களா?"

கமிட்டிக்கு உட்கார இடம் வேண்டும். லேஅவுட் வாசலில் வாட்ச்மேன் அறை ஒன்று இருந்தது. அதில் வாட்ச்மேன் இருந்தார். அவரை அனுப்பிவிட்டு, அறைக்கு வெள்ளையடித்து, 'பாதுகாப்புக் கமிட்டி அலுவலகம், நேரம் காலை 10 முதல் 1 வரை' என்று போர்டு மாட்டினார்கள். அந்த அறையிலிருந்து வந்த முதல் சுற்றறிக்கைதான் மரியராஜைப் பிடித்துக்கொண்டது. 'மூன்று நாளுக்கு மேல் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் செல்வோர் கமிட்டி அங்கீகரித்த அலாரம் பொருத்தி, அனுமதி பெற்ற பின்பே செல்ல வேண்டும்.'

வேறொருவராய் இருந்தால் காகிதத்தைச் சுருட்டி எறிந்துவிட்டு ஊருக்குப் போயிருப்பார். மரியராஜ் முப்பத்திரண்டு வருஷம் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். ஒரு காகிதத்தில் 'வேண்டும்' என்று இருந்தால் அவர் கை தானாகச் சட்டைப்பையில் பேனாவைத் தேடும்.

"அவங்க கேட்டா நீங்க ஏன் எழுதிக் கொடுக்கறீங்க?" என்றாள் அவர் மனைவி ஹில்டா. ஓய்வு பெற்ற நர்ஸ்.

"கேக்கறாங்களே ஹில்டா."

"ஆஸ்பத்திரியில தினம் நூறு பேர் கேப்பாங்க. எல்லாருக்கும் ஊசி போட்டேனா நானு?"

ஹில்டாவுக்குப் போன வருஷம் முழங்கால் மாற்று ஆபரேஷன் நடந்தது. அதற்கு முந்தின நாள், "மாதாவே, நான் எழுந்து நடந்தா வெள்ளியில முழங்கால் செஞ்சு கொண்டு வரேன்" என்று வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டாள். எழுந்து நடந்தாள். வெள்ளியில் முழங்காலும் செய்தாயிற்று. உள்ளங்கை அகலத்தில், சிப்பி எலும்பு கூடத் தெரிகிற மாதிரி நல்ல வேலைப்பாடு. ஆகஸ்ட் இருபத்தொன்பது கொடியேற்றத்தன்று அதை மாதா காலடியில் வைக்க வேண்டும். இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் நாலு மணிக்கு மாதா கோயில் முன்னாலிருந்து பங்கு மக்களுக்கான பஸ் கிளம்புகிறது. பொறுப்பு லெஸ்லி. லெஸ்லியின் கடிகாரத்தில் நாலு மணி என்றால் நாலு மணி. அவனுடைய சொந்த மாமியாரையே போன வருஷம் விட்டுவிட்டுப் போனவன்.

"அனுமதி கொடுத்துடுங்க சார், அலாரம் வச்சிடறேன்" என்றார் மரியராஜ்.

"வைக்கலாமுங்க. ஆனா எந்த அலாரம்னு இன்னும் தீர்மானம் ஆவலைங்களே" என்றார் ஆறுமுகசாமி.

தீர்மானிக்கப் பொதுக்குழு கூடிற்று. வயர் உள்ள அலாரமா, வயர் இல்லாத அலாரமா என்பது கேள்வி. ஆறுமுகசாமி கொள்ளேகால் பக்கத்து ராமாபுரத்துக்காரர். தொலைபேசித் துறையில் இருந்தவர். எழுந்து தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"நாப்பது வருஷம் வயரு இழுத்தவனுங்க நானு. வயருன்னா கண்ணுக்குத் தெரியோணும். ஒரு முனையைப் புடிச்சுட்டுப் போனா மறு முனைக்குப் போய்ச் சேரோணும். காத்தைப் புடிச்சுட்டு எங்கீங்க போறது? என்ற சர்வீசுல ஒரு லைன் ஆறு வருஷம் செத்துக் கிடந்துச்சுங்க. ஒரு சத்தம் வரலை. ஆனா வயரு? போட்டது போட்டபடி இருந்துச்சு! அதுக்குப் பேருதானுங்க நம்பிக்கை."

பாதிக் கூட்டம் கை தட்டியது.

மஞ்சுநாத் எழுந்தார். "சார், வயர் இல்லாத அலாரம் என் மைத்துனன் கடையில கிடைக்குது. அதுக்காக நான் சொல்றேன்னு நினைக்க பேடா. வேற கடையில கிடைச்சாலும் இதைத்தான் சொல்வேன். வேற கடையில கிடைக்காம நான் பார்த்துக்கிட்டேன், அது வேற விஷயம். வயரைக் கள்ளன் கத்திரிச்சிடுவான். காத்தைக் கத்திரிப்பானா? ஹேளி சார், சொல்லுங்க!"

மீதிப் பாதி கை தட்டியது.

"எப்படிங்க கத்திரிப்பான்?" என்று ஆறுமுகசாமி சீறினார். "வயரு போற எடமெல்லாம் 'இங்கே வயர் உள்ளது, வெட்டாதீர்'னு கன்னடம், தமிழ், இங்கிலீசு மூணுலயும் போர்டு வெக்கறோம். படிச்ச திருடனா இருந்தா வெட்ட மாட்டான். படிக்காத திருடன் விஜயநகருக்கு எதுக்குங்க வர்றான்?"

மரியராஜ் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார். "சார், அலாரம் அடிச்சா யார் வருவாங்க?"

தலைவரும் செயலாளரும் முதல் முறையாக ஒரே மாதிரி முகத்தைச் சுளித்தார்கள்.

"வர்றது வேற சப்ஜெக்ட் சார்" என்றார் மஞ்சுநாத். "இன்னிக்கு அஜெண்டாவுல அடிக்கிறது மட்டும்தான்."

ஓட்டெடுத்தார்கள். இருபத்தொன்றுக்கு இருபத்தொன்று. சமமாக வந்தால் தலைவர் இன்னொரு ஓட்டுப் போடலாம். ஆனால் பேசிய விஷயத்தில் போடக்கூடாது என்பது விதி. பேசாமல் இருப்பதென்றால் தலைவராக இருப்பதில் என்ன இருக்கிறது? கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இரண்டையும் ஒரே வீட்டில் பொருத்திச் சோதனை நடத்துவது. எந்த வீடு? ஊருக்குப் போக அவசரப்படுகிற வீடு.

மறுநாள் காலை இருபத்தேழாம் நம்பருக்கு ஆட்கள் வந்தார்கள். வாசல் கதவிலிருந்து சமையலறை ஜன்னல் வரை நடுவில் சாக்பீசால் கோடு கிழித்தார்கள். இடது பக்கம் வயர். வலது பக்கம் காற்று. கோடு சாப்பாட்டு மேசைக்கு அடியில் புகுந்து, மேசையின் மேல் ஏறி, மறுபக்கம் இறங்கிப் போயிற்று.

"நான் இப்ப யாரு பக்கம் உக்காந்திருக்கேன்?" என்றாள் ஹில்டா, இட்லியைப் பிட்டுக்கொண்டே.

"நீ செயலாளர் பக்கம்."

"சட்னி?"

"சட்னி தலைவர் பக்கம்."

"கொஞ்சம் இப்படித் தள்ளுங்க, அவருக்குத் தெரியாம."

டிவிக்குப் பின்னால் காலியாக இருந்தது ஒரே ஒரு பலகை. அதில் இரண்டு பிளக் துளைகள். ஆட்கள் முணுமுணுவென்று பேசி, எதையோ சொருகி, அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டுப் போனார்கள். பேட்டரி போடவில்லை. பேட்டரிக்குத் தனித் தீர்மானம் வேண்டுமாம்.

பதினோரு மணிக்குச் சோதனை. ஆறுமுகசாமி தன் பக்கத்து ஜன்னலைத் தட்டினார். வயர் அலாரம் 'ட்ரிங்ங்ங்' என்று அலறியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு, வீட்டுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று நினைத்து, வயர் இல்லாத அலாரம் 'உய்ய்ய்ங்' என்று கத்தியது. அதன் கத்தலில் ஜன்னல் அதிர்ந்தது. ஜன்னல் அதிரவும் ஓய்ந்திருந்த வயர் அலாரம் மறுபடி பிடித்துக்கொண்டது. அதைக் கேட்டு இது. இதைக் கேட்டு அது. தெருநாய்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து குரைத்தன. எதிர்வீட்டில் யாரோ குழந்தைக்குப் பேதி என்று கத்தினார்கள்.

"பாத்தீங்களா!" என்று மரியராஜின் காதில் கூவினார் ஆறுமுகசாமி. "அவிங்க அலாரம் வீட்டுக்குள்ள பூந்ததை நம்ம அலாரம் கண்டுபுடிச்சிருச்சு!"

"நம்ம அலாரம்தான் அவங்க அலாரத்தைப் பிடிச்சுது!" என்று மறு காதில் மஞ்சுநாத்.

நாற்பது நிமிஷம் கழித்து மின்சாரம் போனதால் இரண்டும் நின்றன. சோதனை முழு வெற்றி என்று குறிப்பில் ஏறியது.

இருபத்தெட்டாம் தேதி மதியம் பன்னிரண்டு மணிக்கு 'வீடு பூட்டு விழா'. ரிப்பன் கட்டி, தேங்காய் உடைத்து, போட்டோ பிடித்தார்கள். பூட்டுவதற்கு முன் உள்ளே இருக்கும் பொருள்களைப் பட்டியல் எடுக்க வேண்டும் என்றார் மஞ்சுநாத். டிவி ஒன்று. ஃபிரிட்ஜ் ஒன்று. மாதா படம் ஒன்று.

"வெள்ளி ஏதாவது இருக்கா?"

"முழங்கால் ஒண்ணு இருக்கு" என்றார் மரியராஜ். பட்டியல் என்றால் அவருக்குப் பொய் வராது.

"அது என் பையில இருக்கு, ஊருக்கு வருது" என்றாள் ஹில்டா.

"பூட்டற சமயத்துல வீட்டுக்குள்ள இருந்தா எழுதியே ஆகணும்மா. எடுங்க, போட்டோ பிடிக்கணும்."

பையிலிருந்து முழங்காலை எடுத்து மேசை மேல் வைத்தார்கள். அது எந்தப் பக்கத்துப் பாதுகாப்பில் வருகிறது என்று தகராறு வந்தது. இருவரும் இழுத்து இழுத்து, கடைசியில் கோட்டின்மேல் சரிபாதியாக வைத்தார்கள். போட்டோ பிடித்தார்கள். கை தட்டினார்கள். அதே கையோடு எல்லோரையும் வெளியே தள்ளி அலாரத்தைப் போட்டுக் கதவைப் பூட்டினார்கள்.

பட்டியலை நகல் எடுத்து, 'வீடு எண் 27, ஆகஸ்ட் 28 முதல் செப்டம்பர் 9 வரை பூட்டியிருக்கும், உள்ளே இருப்பவை பின்வருமாறு' என்று லேஅவுட் வாசல் போர்டில் எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டினார்கள். வெளிப்படைத்தன்மை.

மரியராஜ் வழக்கம்போல் இன்னொரு சாவியை கேட்டில் தொங்கும் பால் பைக்குள் போட்டார். அந்த லேஅவுட்டில் நாற்பத்திரண்டு வீட்டுச் சாவியும் நாற்பத்திரண்டு பால் பையில்தான் இருக்கும். பால்காரனுக்குத் தெரியும், பூக்காரிக்குத் தெரியும், வீடு மாறிப் போனவர்களுக்கும் தெரியும். இதைப் பற்றிக் கமிட்டியில் யாரும் பேசியதில்லை. எல்லோருக்கும் தெரிந்ததைப் பேச என்ன இருக்கிறது?

மூன்றேகாலுக்குக் கோயில் முன்னால், பஸ் படியில் ஒரு காலை வைத்த ஹில்டா அப்படியே நின்றாள்.

"வலிக்குதா?" என்றார் மரியராஜ்.

"கால் இருக்கு. காலு எங்கங்க?"

வெள்ளி முழங்கால் மேசை மேலேயே தங்கிவிட்டது.

"அது இல்லாம நான் மாதா முகத்துல எப்படி முழிப்பேன்? 'காலை வாங்கிக்கிட்டே, காலைக் கொடுக்கலையா'ன்னு கேக்க மாட்டாங்களா?" ஹில்டாவின் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் அவள் அழுது அவர் பார்த்தது இரண்டு தரம்தான்.

"நாலு மணி மாமா!" என்றான் லெஸ்லி, கடிகாரத்தைக் காட்டி.

ஆட்டோ பிடித்து மூன்றரைக்கு மரியராஜ் லேஅவுட் வாசலில் இறங்கினார். கமிட்டி அலுவலகத்தில் விழாவில் மிஞ்சிய பிசிபேளாபாத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சார், என் வீட்டுக்குள்ள போகணும் சார். ஒரே நிமிஷம்."

"போக முடியாதுங்களே" என்றார் ஆறுமுகசாமி, அப்பளத்தை உடைத்துக்கொண்டு. "அலாரம் போட்டுப் பூட்டின வீட்டுக்குள்ள யாரு போனாலும் திருடன்னுதான் கணக்கு. விதியே அப்படித்தான்."

"நான் வீட்டுக்காரன் சார்!"

"வீட்டுக்காரர் நுழைவுப் படிவம் இருக்கு சார், ஒண்ணு முதல் ஒம்பது வரைக்கும் காலம் நிரப்பணும்" என்றார் மஞ்சுநாத். "பத்துலேர்ந்து ஒண்ணு வரைக்கும்தான் கொடுக்கறது. நாளைக்கு பன்னி, வாங்க."

மரியராஜின் முப்பத்திரண்டு வருஷத்துப் பொறுமை அங்கேதான் அறுந்தது. "அப்ப என்னைத் திருடன்னே வச்சுக்கோங்க சார்!"

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தலைவரைப் பார்த்தார். இருவர் முகத்திலும் விடியற்காலை மாதிரி ஒரு வெளிச்சம்.

"அஜெண்டா ஆறு" என்றார் மஞ்சுநாத் மெதுவாக.

"சோதனைக்குத் திருடன் ஏற்பாடு" என்றார் ஆறுமுகசாமி. "மூணு வாரமா நிலுவைங்க. நல்ல திருடனா, நம்பகமான ஆளா யாருமே அமையலை."

"இவரு படிச்சவரு. ரிட்டையர்டு. சங்கத்து மெம்பர்."

"சந்தாவும் கட்டிப்போட்டாருங்க."

மரியராஜ் ஏகமனதாகத் திருடனாக நியமிக்கப்பட்டார். சங்கத்தின் சரித்திரத்தில் ஏகமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அதுதான். எல்லோரும் கை கழுவிக்கொண்டு, நோட்டும் கடிகாரமுமாக இருபத்தேழாம் நம்பருக்குப் புறப்பட்டார்கள்.

மரியராஜ் பால் பையில் கை விட்டார். சாவி இல்லை. கதவைத் தள்ளினார். திறந்தது. எந்த அலாரமும் மூச்சு விடவில்லை.

உள்ளே மல்லம்மா ஈர மாப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். எட்டு வருஷமாக மூன்று மணிக்கு வந்து பாத்திரம் தேய்த்து வீடு துடைக்கிறவள். சாக்பீஸ் கோடு முக்கால்வாசி போயிருந்தது.

"யாரோ தரையில கிறுக்கி வச்சிட்டாங்க சாமி. எத்தனை தேய்ச்சும் போகல்ல."

"நீ எப்படி உள்ளே வந்தே?" என்று மஞ்சுநாத் அலறினார்.

"சாவிதான் பால் பையில இருக்கே. உங்க வீட்டுக்கும் அப்படித்தானே வர்றேன்?"

"அலாரம் அடிக்கல்லயா?"

"அய்யோ, ஏன் கேக்கறீங்க! ரெண்டும் சேர்ந்து அடிச்சுது. தலைநோவு. டிவி பின்னாடி பிளக்கு ரெண்டையும் பிடுங்கிட்டேன். என் போனுக்கும் சார்ஜ் போடணும் அல்லவா?"

"எங்களுக்குங் கேட்டுச்சுங்க" என்றார் ஆறுமுகசாமி கம்பீரமாக. "கேக்காமப் போகலை. எந்தப் பக்கத்து அலாரம்னு தீர்மானிக்கக் கூட்டம் போட்டோம். கோரத்துக்கு ஆள் சேரலை."

சொல்லிக்கொண்டே டிவியின் பின்னால் எட்டிப் பார்த்தவர் துள்ளினார். "செயலாளரே! என்ன இது? வயரு இல்லாத அலாரத்துக்கு இத்தனை நீள வயரு!"

மஞ்சுநாத் முகம் சிவந்தது. "அது... அடாப்டர். சும்னே ஒரு மரியாதைக்கு." குனிந்தவர் வயர்ப் பெட்டிக்கு அடியிலிருந்து எதையோ உருவினார். "இது ஏனு தலைவரே? வயர் அலாரத்துக்கு ரிமோட்! ரிமோட்டுக்கும் பெட்டிக்கும் நடுவுல வயர் எங்கே? காட்டுங்க!"

ஆறுமுகசாமி துண்டால் முகத்தைத் துடைத்தார்.

மேசை மேல் வெள்ளி முழங்கால் பளபளத்துக்கொண்டிருந்தது. மணி மூன்று ஐம்பது. மரியராஜ் கையை நீட்டினார்.

"தொடாதீங்க!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"ரெண்டு அலாரமும் அடிக்காததுக்குக் காரணம் அலாரமில்லைங்க" என்றார் ஆறுமுகசாமி. "திருடன். சாவி வெச்சுத் திறந்த கதவுல வந்தா என்னங்க அர்த்தம்? முறைன்னு ஒண்ணு இருக்குதல்லங்க? முதல்ல இருந்து வாங்க. ஜன்னல்ல ஏறிக் குதிச்சு ஒழுங்காத் திருடுங்க."

"எனக்கு அறுபத்து நாலு வயசு சார்!"

"அதை அந்தக் காலத்துல நினைச்சுப் பாக்கணும் சார்" என்றார் மஞ்சுநாத், என்ன சொல்கிறோம் என்று அவருக்கே தெரியாமல்.

மல்லம்மாவை வெளியே அனுப்பிப் பிளக்குகளைச் சொருகினார்கள். மரியராஜைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய், ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏற்றினார்கள். சமையலறை ஜன்னலின் நடுவில்தான் கோடு முடிகிறது. ஆகவே, பாரபட்சமில்லாமல் இரண்டு காலையும் ஒரே சமயத்தில் உள்ளே வைக்க வேண்டும் என்றார்கள். வலது கால் முந்தினால் தலைவருக்குச் சாதகம்.

"ரெண்டு காலையும் ஒண்ணா எப்படி சார் வைக்கிறது?"

"திருடனுங்க எல்லாம் வெக்கறாங்கல்ல?"

அந்த நேரத்தில்தான் தெருமுனையில் பஸ் திரும்பியது. மாமியாருக்கு நிற்காத லெஸ்லியின் பக்கத்தில் நின்று, ஹில்டா தன் ஆஸ்பத்திரிக் குரலில் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். வாசலில் வந்து நின்ற பஸ், ஊரே எழுந்துகொள்கிற மாதிரி ஒரு ஹாரன் அடித்தது.

ஜன்னல்கள் நடுங்கின. 'ட்ரிங்ங்ங்!' அதைக் கேட்டு, 'உய்ய்ய்ங்!' அதைக் கேட்டு இது, இதைக் கேட்டு அது.

"எது முதல்ல? எது முதல்ல?" கமிட்டி மொத்தமும் நோட்டைத் தூக்கிக்கொண்டு வாசல் வழியாகக் கூடத்துக்குள் ஓடிற்று. தலைவர் ஒரு பெட்டியில் காதை வைத்தார், செயலாளர் மற்றதில். கடிகாரத்தோடு வந்தவர் நடுவில் நின்று சுற்றினார்.

மரியராஜ் வாளியிலிருந்து இறங்கினார். சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். உள்ளே போனார். மேசை மேலிருந்த முழங்காலை எடுத்தார்.

"சார், கொஞ்சம் வழி விடுங்க" என்றார்.

மஞ்சுநாத் பெட்டியிலிருந்து காதை எடுக்காமலே நகர்ந்து வழி விட்டார். "சத்தம் போடாதீங்க சார்! எண்ணிக்கிட்டிருக்கேன்!"

கேட்டை மல்லம்மா பிடித்துக்கொண்டிருந்தாள். "நானே பூட்டிச் சாவியைப் பையில போட்டுடறேன். இவங்க எல்லாம் வீட்டுக்குப் போகட்டும். போய் பன்னி சாமி."

பஸ் படியில் ஹில்டா கையை நீட்டினாள். முழங்காலை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முந்தானையில் முடிந்துகொண்டாள். அதற்குப் பிறகுதான் கணவரைப் பார்த்தாள்.

"சட்டையெல்லாம் என்னங்க இப்படி?"

"வேலைக்குப் போயிட்டு வரேன். திருடனா."

கொள்ளேகால் பஸ் நிலையத்தில் டீக்கு நிறுத்தியபோது மரியராஜின் போன் அடித்தது. மஞ்சுநாத். குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சி.

"சார், கங்க்ராஜுலேஷன்! சோதனை சூப்பர்! ரெண்டு அலாரமும் பிரமாதமா அடிச்சுது. எது முதல்லன்னு பார்க்கத் தனியா ஒரு சப்-கமிட்டி போட்டாச்சு."

"சந்தோஷம் சார்."

"ஆனா ஒரு வருத்தமான விஷயம். மனசைத் திடப்படுத்திக்கோங்க. பட்டியலைச் சரிபார்த்தோம். உங்க வீட்டுல வெள்ளி முழங்கால் இல்ல சார்! அத்தனை பேரும் உள்ளே நிக்கறப்போ, அலாரம் அடிச்சுக்கிட்டே இருக்கறப்போ, யாரோ பட்டப்பகல்ல எடுத்துட்டுப் போயிட்டான். என்ன தைரியம் பாருங்க! விசாரணைக் கமிட்டி அமைச்சிட்டோம். தலைவர்தான் தலைவர். நீங்க யாரையாவது பார்த்தீங்களா சார்? அடையாளம் ஏதாவது?"

மரியராஜ் வாயைத் திறந்தார். கேட்ட கேள்விக்கு உள்ளபடி பதில் எழுதியே பழகிய மனிதர். ஹில்டா அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"நான் பார்த்தேன் சார். அறுபத்து நாலு வயசு, நல்ல குடும்பத்து ஆளு மாதிரிதான் இருந்தான்."

"ஹௌதா, அப்படியா! இருங்கம்மா, எழுதிக்கறேன். தலைமுடி?"

"அதை எழுதிப் பிரயோஜனமில்ல சார்" என்றாள் ஹில்டா, டீயை ஒரு வாய் குடித்துவிட்டு. "அவன் வேளாங்கண்ணிக்குத்தான் போயிட்டிருக்கான். வரும்போது மொட்டையா வருவான்."